காப்புக் கட்டிய கை

எங்கள் வீட்டில் என் மூக்குக்கு ஒரு வேலை இருந்தது. அப்பா திண்டுக்கல் பூ மார்க்கெட்டிலிருந்து திரும்பி மொபெட்டை வேப்பமரத்தில் சாய்த்ததும் நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் குனிந்து என்னைத் தூக்குவார். அந்த நேரம் பார்த்து அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, இறங்கி, அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் தலையை ஆட்ட வேண்டும். மேலும் கீழுமாக ஆட்டினால் வாடை இருக்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை. நான் அப்போது நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டும் கிடைக்காத மானிட்டர் பதவி வீட்டில் கேட்காமலே கிடைத்துவிட்டதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடு தெரிந்துதான் இருந்திருக்கும். என்னைத் தூக்கும்போது வாயைக் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பார். செத்த நேரம் கூடுதலாகவே பிடித்திருப்பார். சோதனை முடிந்ததா என்று கேட்காமல் கேட்பதுபோல் இருக்கும்.

அவர் குடியை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் கண் மஞ்சளாகி, வயிறு பானைபோல் வீங்கி, காலை விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிற நிலைக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வயிற்றுத் தண்ணீரை எடுத்துவிட்டு, கல்லீரல் சுருங்கிவிட்டது, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் எங்களிடம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஊரில் யாரும் அவர் நிறுத்துவார் என்று நம்பவில்லை. அவர் நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் அதை ஆஸ்பத்திரியின் கணக்கில் சேர்க்கவில்லை. அப்பா குடியை விட்டால் அவரைப் பூக்குழி இறக்கி நெருப்பில் நடக்கவைக்கிறேன் என்று எங்கள் ஊர்க் காளியம்மனிடம் வேண்டியிருந்தாள். ஆத்தா தன் வேலையைச் செய்துவிட்டாள், இனி நம்முடைய முறை என்பதுதான் அம்மாவின் எண்ணம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துகளில் ஒரு சிரப் இருந்தது. வெல்லப்பாகுபோல் கெட்டியாக, திகட்டத் திகட்ட இனிக்கும். நான் மூடியை நக்கிப் பார்த்திருக்கிறேன். அதைக் குடித்தால் அப்பா ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது வெளிக்குப் போவார். அப்படித்தான் போகவேண்டும், போகாவிட்டால்தான் ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு அந்தச் சிரப்பின் மேல் தீராத கோபம். "ஈரலுக்கு மருந்து கேட்டா பேதிக்குக் கொடுத்து விட்ருக்காய்ங்க" என்பார். அவர் தொழில் அப்படி. இருட்டோடு எழுந்து சம்பங்கி பறித்து, சாக்கில் கட்டி, வெயில் ஏறுமுன் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். ஏலம் கூவுகிற நேரத்தில் வயிறு கலக்கினால், திரும்பி வருவதற்குள் பூ வாடி விலை இறங்கியிருக்கும். ஆனாலும் அம்மா மூடியில் ஊற்றி நீட்டினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிடுவார்.

அந்த வருஷம் திருவிழா சாட்டியதும் அப்பாவுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கைக் கோத்து வலது மணிக்கட்டில் கட்டுவது. கட்டிவிட்டால் கறி மீன் கிடையாது, ஊரைத் தாண்டி இரவு தங்கக்கூடாது, சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. வெளிக்குப் போய் வந்தால் தலையோடு குளித்துவிட்டுத்தான் காப்புக் கையால் எதையும் தொடலாம்.

இந்தச் சட்டங்களை எல்லாம் காப்பாற்றுவதற்காக எங்கள் அத்தை ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. தம்பி பூக்குழி இறங்குகிறான் என்றால் குடும்பத்துக்கே ஒரு மதிப்பு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருப்பாள். வந்த மறுநாளே அப்பா மூன்று தடவை வெளிக்குப் போய், மூன்று தடவை தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தில் நடுங்கி நிற்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரப் பாட்டிலை எடுத்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்தாள்.

"காப்புக் கட்டுன ஒடம்புல பேதி மருந்த ஊத்துறதே ஆத்தாளுக்கு ஆகாதுங்கறேன். நெருப்பு எறங்குற வரைக்கும் நிறுத்தி வையி. அவ பாத்துக்குவா."

அம்மா இரண்டு தடவை ஏதோ சொல்லப் பார்த்தாள். அத்தையிடம் எதையும் இரண்டு தடவைக்கு மேல் சொல்ல முடியாது. அதோடு வேண்டுதல் அம்மாவுடையது. தான் வைத்த வேண்டுதலுக்குத் தானே குறுக்கே நிற்கிற மாதிரி ஆகிவிடுமோ என்கிற பயமும் இருந்திருக்கும். அப்பாவுக்கோ இதைவிடச் சந்தோஷமான விரதம் வேறில்லை. பல நாளைக்குப் பிறகு வயிறு சத்தம் போடாமல் இருக்கிறது, இப்போதுதான் மனுஷனாக இருக்கிறேன் என்று என்னிடமே சொன்னார்.

அதற்கப்புறம்தான் வீட்டில் ஒன்றும் ஒரு நிலையில் நிற்காமல் போனது.

முதலில் தூக்கம் தலைகீழானது. பகலில் சாய்ந்த இடத்தில் தூங்கினார். சோற்றுத் தட்டுக்கு முன்னால் பிசைந்த கையோடு தூங்கினார். ராத்திரி முழுக்க முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். விரதத்தில் உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றாள் அத்தை. பிறகு ஒரு நாள் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அவிழ்த்து, மறுபடியும் மாற்றியே போட்டுக்கொண்டு, பித்தானைத் திட்டினார். மார்க்கெட்டுக்குப் போனவர் பூச்சாக்கை இறக்காமலே திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, மார்க்கெட் இன்னும் திறக்கவில்லை என்றார். அப்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. சாதுவாக இருந்தவர் சின்னதுக்கெல்லாம் எரிந்து விழுந்தார். விழுந்த வேகத்தில் எதற்கு என்பதை மறந்து சும்மா உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். ஊருக்கும் அதே சந்தேகம்தான். தேநீர்க் கடைக்காரர், காப்புக் கட்டியும் அவன் திருந்தவில்லை என்று என் காதுபடவே சொன்னார். வீட்டில் என் மூக்குக்கு வேலை கூடியது. வந்ததும் ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை, தூங்கும்போது ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் தலையைப் பக்கவாட்டில்தான் ஆட்டினேன். அம்மா நம்பவில்லை.

"நெசமாச் சொல்லு. அப்பாவுக்காகப் பொய் சொன்னா ஆத்தா கண்ணக் குத்திருவா."

"சாராய வாடை இல்லம்மா. வேற வாடை."

"வேறன்னா?"

எனக்குச் சொல்லத் தெரிந்தது. மார்க்கெட்டில் விலை போகாத பூவை மூலையில் கொட்டி நனைந்த சாக்கைப் போட்டு மூடியிருப்பார்கள். மறுநாள் அந்தச் சாக்கைத் தூக்கினால் ஒரு வாடை வரும். இனிப்பாகவும் இருக்கும், அழுகலாகவும் இருக்கும். அப்பாவுடன் போகிறபோது பார்த்திருக்கிறேன். அந்த வாடைதான் அப்பா வாயில் வந்தது. சொன்னேன். அம்மாவின் முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே தளர்ந்துவிட்டது.

"போடா கிறுக்கா. பூவோடயே கெடக்குற மனுசன் மேல பூ வாடை அடிக்காம என்ன அடிக்கும்?" என்று சிரித்துவிட்டாள்.

சம்பங்கிக்காரர் வீட்டில் அந்த விடை பொருத்தமாகத்தான் இருந்தது. நானும் சமாதானமாகிவிட்டேன்.

பூக்குழி நாள் வந்தது. கோயிலுக்கு முன்னால் நீளமாக வெட்டிய குழியில் காலையிலிருந்தே புளிய விறகு எரிந்து, மத்தியானம் தாண்டியதும் கங்காகி, ஆட்கள் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நீளக் கழியால் தட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் நின்றாலே முகம் எரிந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் வகுப்புப் பையன்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். யார் அப்பா முதலில் இறங்குவார், யார் அப்பா ஓடுவார், யார் அப்பா நடப்பார் என்று எங்களுக்குள் பெரிய வழக்கு. எங்கப்பா நடந்தே போவார் என்று சத்தியம் செய்திருந்தேன்.

காப்புக் கட்டியவர்கள் கிணற்றில் குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றார்கள். அப்பாவை அத்தைதான் கூட்டிவந்து நிறுத்தினாள். நேராக நிற்காமல் காற்றில் ஆடும் செடிபோல் ஆடினார். பூசாரி விபூதித் தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். அப்பாவுக்கு முன்னால் வந்ததும், அப்பா இரண்டு கையையும் நீட்டினார்.

கை நிற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து கீழே விழுந்தது. எழுந்தது. மறுபடியும் விழுந்தது. யாரோ பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டுப் பிடிப்பதுபோல, பறக்கத் தெரியாத குஞ்சு சிறகை அடித்துப் பார்ப்பதுபோல, இரண்டு கையும் தட்டின. விபூதி தரையில் கொட்டியது. காப்புக் கட்டிய கையில் மஞ்சள் கிழங்கு குதித்துக்கொண்டிருந்தது.

அத்தை குலவை போட்டாள். "எறங்கிட்டா. எந்தம்பி மேல ஆத்தா எறங்கிட்டா."

உறுமிக்காரர்கள் அப்பா பக்கம் திரும்பிவிட்டார்கள். கூட்டம் வட்டமாகச் சூழ்ந்துகொண்டது. நேற்று வரைக்கும் அவர் குடித்துவிட்டுத் திரிவதாகச் சொன்ன தேநீர்க்கடைக்காரர்தான் எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பையன்களைத் திரும்பிப் பார்த்தேன். யார் அப்பா ஓடுவார், நடப்பார் என்கிற வழக்கெல்லாம் முடிந்துவிட்டது. எங்கப்பாவே சாமி.

குறி கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு சம்சாரி, தோட்டத்தில் போட்ட போரெல்லாம் தண்ணீர் இல்லாமல் புழுதியாகவே வருகிறது, எங்கே போட்டால் கிடைக்கும் தாயே என்று கேட்டார். அப்பா உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.

"தண்ணி" என்றார்.

"ஆமா தாயி, தண்ணிதான். எந்தப் பக்கம்?"

அப்பாவின் கண் மெல்லச் சுற்றிப் பந்தல் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர் டிரம்மில் போய் நின்றது. "அந்தா" என்று கையைத் தூக்கினார். டிரம் கிழக்கே இருந்தது. சம்சாரி கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். ஒருத்தருக்கும் அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை. அடுத்து ஒரு அம்மா, மகளுக்கு வரன் தட்டிப்போகிறது என்றாள். "பறிச்சாச்சா? வெயில் ஏறுது" என்றார் அப்பா. அந்த அம்மா அழுதே விட்டாள். வயசு ஏறுகிறது, தாமதிக்காதே என்று ஆத்தாளே சொல்லிவிட்டாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கினார்கள்.

பையன்கள் என்னைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். நான் அப்பா முன்னால் போய் விழுந்தேன். சாமியிடம் என்ன கேட்பது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. கணக்கில் பாஸாவேனா என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

"யாரு வீட்டுப் பிள்ள அப்பு நீ?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷம் தாங்கவில்லை. அதுவரைக்கும் எனக்குள்ளே கொஞ்சம் சந்தேகம் இருந்தது, ஒருவேளை அப்பாதான் பேசுகிறாரோ என்று. அப்பாவாக இருந்தால் என்னைத் தெரியாமல் இருக்குமா? தெரியவில்லை என்றால் உள்ளே இருப்பது நிச்சயம் காளியம்மன்தான். கணக்கில் கொடுக்கிற நிரூபணத்தைவிட அது சுத்தமாக இருந்தது.

அம்மா தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நின்றிருந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இந்தாங்க. நான் யாரு?"

அப்பா வாயைத் திறந்தார். அந்தத் திறந்த வாயருகே அம்மா தன் மூக்கைக் கொண்டுபோனாள். இத்தனை நாளும் என்னை அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் தானே முகர்ந்து பார்த்தாள். பிறகு அத்தையிடம் திரும்பினாள்.

"மதினி, இவரு வெளிக்குப் போயி எத்தன நாளாச்சு?"

உறுமி நின்றுவிட்டது. சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அத்தைக்கு முகம் கறுத்தது. "சன்னதியில நின்னு பேசுற பேச்சா இது? ஆத்தா எறங்கி நிக்கிறா. நாக்கு அழுகிரும்."

"அழுகட்டும். எத்தன நாளாச்சு?"

அத்தை உறுமிக்காரர்கள் பக்கம் திரும்பி, அடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அதுவே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. அப்பாவின் வலது கையைத் தூக்கினாள். காப்போடு ஊரைத் தாண்டி இரவு தங்கினால் குற்றம். அவிழ்க்கவோ நேரமில்லை, முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பூக்கட்டும்போது நூலைப் பல்லில் வைத்து ஒரு கடி கடித்து அறுப்பாளே, அதே மாதிரி அந்தக் காப்பைக் கடித்து அறுத்தாள். மஞ்சள் அவள் உதட்டில் ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், ஊரே அழியப்போகிறது என்று புலம்பினார். எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அறுந்த நூலைக் குனிந்து எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.

"ஆட்டோவக் கூப்புடுங்கப்பா" என்றார். "இங்க உள்ளத ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஆட்டோவில் அப்பாவின் தலை அம்மாவின் மடியில் கிடந்தது. நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திண்டுக்கல் வரைக்கும் அழுதேன். பின்னால் உறுமி மறுபடியும் ஆரம்பித்திருந்தது, மற்றவர்களின் அப்பாக்கள் குழி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாமியை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்களா? தாடிக்கொம்பு தாண்டும்போது அப்பா குறட்டை விட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வாசலில் எவ்வளவு தட்டியும் எழுந்திருக்கவில்லை.

எனிமா கொடுத்துக் குடலைக் கழுவினார்கள், ஊசி போட்டார்கள், அந்தத் திகட்டும் சிரப்பையே மூக்கில் குழாய் விட்டு ஊற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் கண் திறந்தார். அதற்கடுத்த நாள் ஓர் இளம் டாக்டரம்மா வந்து அப்பாவை உட்காரவைத்து, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல் இரண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொன்னார். கை கொஞ்சம் அலைந்தது, ஆனால் நின்றது. பிறகு ஒரு தாளில் எண்களைச் சிதறலாக எழுதிக் கொடுத்து, வரிசையாகக் கோடு போட்டு இணைக்கச் சொன்னார். அப்பா பென்சிலை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரையாவது எழுதுங்கள் என்றார். அப்பா பென்சிலைத் தாளின் மேல் பதமாகப் படுக்க வைத்தார். டாக்டரம்மா பக்கத்தில் நின்ற நர்ஸிடம், இன்னும் தெளியவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

"எங்கப்பா பள்ளிக்கூடம் போனதில்ல டாக்டர்" என்றேன் நான்.

அப்பா என்னை முறைத்தார். அந்த முறைப்பில் முழுசாக அப்பா இருந்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டார். என்ன வேலை செய்கிறீர்கள், சம்பங்கியை எப்போது பறிப்பீர்கள் என்று கேட்டார். அப்பா ஆரம்பித்தார். மொட்டு வெளுத்து வாய் திறக்கிறதுக்குள் பறிக்கணும், திறந்தா மாலைக்காரன் தொடமாட்டான், பனி இருந்தா சாக்கை நனைக்கக்கூடாது, ஆடியில் ஒரு விலை, முகூர்த்தத்தில் ஒரு விலை. டாக்டரம்மா போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டு, என்னைக் காட்டி இது யார் என்று கேட்டார். "எம் மவன். என்னைய ஊர் முழுக்க மானங்கெடுக்கப் பெறந்தவன்" என்றார் அப்பா.

அம்மாவைத் தனியே கூப்பிட்டு டாக்டரம்மா சொன்னது எனக்கும் கேட்டது. குடலில் ஊறுகிற நஞ்சை நீக்கி ரத்தத்தைச் சுத்தம் செய்துதான் கல்லீரல் மேலே அனுப்பும். இவருக்கு அது சுருங்கிப்போனதால் சுத்தமாகாத ரத்தம் நேராக மூளைக்குப் போகிறது. மூளை கொஞ்சம் கொஞ்சமாக மயங்குகிறது.

"அது பேதி மருந்து இல்லம்மா. அந்த நஞ்சு தலைக்கு ஏறாம கீழே இறக்குற மருந்து. மூளைக்கான மருந்துன்னே வச்சுக்குங்க. விரதம், விசேஷம், எதுக்காகவும் நிறுத்தாதீங்க. ஒரு காய்ச்சல் வந்தாக்கூட இது திரும்ப வரலாம், பாத்துக்குங்க."

பல வருஷம் கழித்துக் கல்லூரியில் விலங்கியல் வகுப்பில் கரும்பலகையில் கல்லீரலை வரைந்து, குடலிலிருந்து அதற்குப் போகும் ரத்தக்குழாயை ஆசிரியர் நீலச் சுண்ணாம்புக்கட்டியால் இழுத்த அன்று என்னால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து மைதானத்தைச் சுற்றி நடந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் படத்தைப் புத்தகத்தில் பார்க்கிற முதல் ஆள் நான். ஆனால் அது என்ன செய்யும் என்பதை வீட்டில் எல்லோரும் எனக்கு முன்பே பார்த்திருந்தார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்த வாரமே போர் போட்ட சம்சாரி வேட்டி துண்டு, தேங்காய் பழத்தோடு வந்து நின்றார். கிழக்குப் பக்கம் தண்ணீர் பீறிட்டிருந்ததாம். அப்பாவுக்கு ஒன்றும் நினைவில்லை. தான் என்ன சொன்னோம் என்றே தெரியாமல், தன் காலில் விழுகிற மனிதரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அத்தை ஊருக்குக் கிளம்பும்போது தேங்காயில் இரண்டை எடுத்துக்கொண்டாள். இறங்கின சாமியை விரட்டிவிட்டவள் என்று அம்மாவை ஒரு சொல் சொல்லாமல் போகவில்லை. ஆனால் அரிசிப்பானைக்குப் பின்னால் இருந்த பாட்டிலை அவளே எடுத்து முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

என் மூக்குக்கு வேலை போய்விட்டது. அதற்குப் பதில் புது வேலை வந்தது. தினமும் காலையில் அப்பாவின் கையை நீட்டச்சொல்லிப் பார்க்க வேண்டும், பிறகு நான் யார் என்று அவரிடம் கேட்க வேண்டும். டாக்டரம்மா அம்மாவிடம் சொன்னதை அம்மா எனக்கு ஒப்படைத்துவிட்டாள். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்று, டாக்டரம்மாவின் குரலில் கையை நீட்டுங்கள் என்பேன். பூப்பறித்துப் பச்சைக்கறை படிந்த அந்தக் கையை அவர் நீட்டுவார். நான் சுற்றி வந்து பார்ப்பேன். பிறகு கேட்பேன்.

"நான் யாரு?"

அப்பா ஒரு நாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு யோசிப்பதுபோல் பாவனை செய்வார். கன்னிவாடி மலையில் வழி தப்பி இறங்கின குரங்கு என்பார். மார்க்கெட்டில் கொசுறாகக் கிடைத்தவன் என்பார். கணக்கில் தோற்றதற்காகப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்ட பையன் என்பார். நான் சிரித்து முடித்ததும் தலையில் ஒரு குட்டுக் குட்டி, என் பெயரைச் சொல்வார். நாளைக்கு என்ன சொல்வார் என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து யோசிப்பேன்.

அம்மா மட்டும் இதற்குச் சிரித்ததில்லை. அப்பா யோசிக்கிற பாவனை தொடங்கியதும் அடுப்படியில் தோசைக் கரண்டி நின்றுவிடும். என் பெயர் வந்த பிறகுதான் மறுபடியும் சத்தம் கேட்கும். நடுவில் தோசை கருகிப்போன நாட்களும் உண்டு. "ஒழுங்காச் சொல்லித் தொலைங்களேன், என் உசுர வாங்காம" என்று கத்துவாள். விளையாட்டு தெரியாத அம்மா என்று நானும் அப்பாவும் கண்ணைக் காட்டிக்கொள்வோம்.

மார்கழி வந்தது. அந்த வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அன்று காலையும் பையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். அவர் சுவரில் சாய்ந்து போர்வையோடு உட்கார்ந்திருந்தார். கையை நீட்டச் சொன்னேன், போர்வைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. குளிர்கிறது போல என்று விட்டுவிட்டேன்.

"நான் யாரு?"

தாடையைச் சொறியவில்லை. பாவனை எதுவும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பூசாரி வீட்டுப் பையந்தான நீ?"

இது புதுசு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். குட்டுக்காகத் தலையைக் குனிந்து காட்டினேன். குட்டு விழவில்லை. அடுப்படியில் கரண்டி நின்றிருந்தது. அம்மா நிலைப்படிக்கு வந்துவிட்டாள்.

"இன்னொருக்காக் கேளு" என்றாள்.

நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு, நீதிபதிபோல் மறுபடியும் கேட்டேன். அப்பா மடியைத் தடவி எதையோ தேடினார்.

"பூவுக்குத்தான வந்த? இன்னும் பறிக்கலையே அப்பு. செத்த நேரம் உக்காரு."

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பையோடு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா அடுப்பை அணைத்தாள். ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்து அப்பாவின் வேட்டியையும் துண்டையும் திணித்தாள். செருப்பு போடாமல் ஆட்டோவுக்காகத் தெருவில் ஓடினாள். அவள் ஏன் ஓடுகிறாள் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு இவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.